கூலிக்கணக்கில் அடங்காத கல்வி: மலையகமும் உயர்கல்வியும்

உயர்கல்வி சந்தையின் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்ற கவலை கொழும்பிலும் பேராதனையிலும் எழும்போதெல்லாம், அது 1980களுக்குப் பிறகு வந்த மாற்றமாகவே பேசப்படுகிறது. அதற்கு முன்னர் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி எல்லோரையும் அரவணைத்து நின்றது என்பதும் கூடவே சொல்லப்படும். கொட்டகலையில் நின்று பார்ப்பவருக்கு இந்த வரலாறு பொருந்தாது. இங்கே கல்வி தொடக்கத்திலிருந்தே தோட்டத்தின் ஆட்தேவைக்கு ஏற்ப அளந்து கொடுக்கப்பட்டது. எவ்வளவு படித்தால் மலைக்கு வேலைக்கு வருவார்கள், எவ்வளவு படித்தால் வரமாட்டார்கள் என்ற கணக்கில்தான் பள்ளிக்கூடம் நடந்தது. இன்று "வேலைச் சந்தைக்கு ஏற்ற கல்வி" என்று சொல்லப்படுவதன் பழைய வடிவத்தை மலையகம் நூறு வருடம் அனுபவித்துப் பார்த்துவிட்டது.

ஆகவே, சந்தைக்கு அப்பால் உயர்கல்வியை எண்ணிப் பார்ப்பது மலையகத்துக்கு வெறும் கோட்பாட்டு விவாதமாக இருக்க முடியாது. இதுவரை வந்த வழி எது, அடைபட்ட வாசல்கள் எவை, இனிக் கேட்க வேண்டியது என்ன என்ற மூன்றையும் ஒருங்கே பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அளந்து கொடுத்த கல்வி

1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்தியது. சட்டம் சொன்னதைத் தோட்டங்கள் எழுத்தளவில் நிறைவேற்றின. தொழிலாளர் குடியிருப்பான லயத்தை ஒட்டிய ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள். அதற்கு மேல் படிக்க நினைத்த பிள்ளை நகரத்துக்கு நடந்தாக வேண்டும், கட்டணமும் கட்டியாக வேண்டும். பத்து வயதுக்குப் பிறகு அந்தப் பிள்ளையின் பெயர் ஏற வேண்டிய இடம் செக்ரோல் என்ற தொழிலாளர் பெயர்ப்பதிவுதான் என்பதே தோட்டத் துரைமாரின் எதிர்பார்ப்பு.

கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வந்தது. 1945 ஒக்டோபர் 1 முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகளோ அந்த ஏற்பாட்டுக்கு வெளியே, தோட்ட நிர்வாகத்தின் கீழேயே விடப்பட்டன. மூன்று வருடங்களில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்து, மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. பிரசாவுரிமை இல்லாதவருக்கு அரச உத்தியோகம் இல்லை. படித்துப் போகும் வழியும் அடைபட்டது, படித்த பின் ஏறும் வழியும் அடைபட்டது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்களிலேயே கணிசமானவை இந்தியாவுக்குக் கப்பலேறின. பிரசாவுரிமைச் சிக்கல் சட்டப்படி முடிவுக்கு வர 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்த அடைப்புகளுக்கு நடுவிலும் படித்து வந்த ஒரு தலைமுறை இருக்கிறது. 1892இல் மெதடிஸ்த மிஷன் பாடசாலையாகத் தொடங்கிய ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில், 1960களில் ஆசிரியராகவும் பின்னர் அதிபராகவும் இருந்த இர. சிவலிங்கத்தின் பெயரை அந்தத் தலைமுறை இன்றும் மரியாதையோடு சொல்லும். அவரும், அவரோடு அங்கே கற்பித்த சிறுகதை எழுத்தாளர் திருச்செந்தூரனும் பாடத்திட்டத்தை முடிப்பதோடு நிற்கவில்லை. மாணவர்களை எழுத வைத்தார்கள், மேடையேற்றினார்கள், தம் சமூகத்தைப் பற்றிக் கேள்வி கேட்கப் பழக்கினார்கள். மலையகத்தின் ஆசிரியர்களிலும் எழுத்தாளர்களிலும் தொழிற்சங்கத்தினரிலும் ஒரு பெரும் பகுதியினர் அந்தப் பட்டறையில் உருவானவர்கள். எந்த வேலைச் சந்தையும் அவர்களைக் கேட்டு விண்ணப்பம் கோரியிருக்கவில்லை.

தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. தோட்டப் பாடசாலைகளை அரசு கட்டங் கட்டமாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில்தான். 1980களில் சுவீடனின் உதவி கட்டடங்களாகவும் ஆசிரியர் பயிற்சியாகவும் வந்தது. நாட்டின் மற்றப் பிள்ளைகள் இலவசக் கல்வியில் மூன்று தசாப்தங்களைக் கடந்துவிட்ட பிறகே மலையகப் பிள்ளை அந்த வரிசையில் கடைசியாக வந்து நின்றது. இன்றைய பல்கலைக்கழகக் கணக்கை வாசிக்கும் எவரும் இந்த முப்பது வருடத்தை மறந்துவிடக் கூடாது.

கொட்டகலையின் இரண்டு வாசல்கள்

கொட்டகலை சிறிய நகரம். ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் பாதையில், தலவாக்கலைக்கு முன்னர் வருவது. கொழும்புப் பங்குச் சந்தையில் இந்த ஊரின் பெயர் ஒரு பெருந்தோட்டக் கம்பனியின் பெயராக இருக்கிறது. தோட்டங்களின் முகாமை 1992இல் தனியார் கம்பனிகளிடம் போனபோது உருவானது அது. ஆனால் மலையகத்தின் பள்ளிக்கூடங்களில் கொட்டகலை என்றால் நினைவுக்கு வருவது வேறு இரண்டு நிறுவனங்கள்: அரசினர் ஆசிரியர் கலாசாலையும், பத்தனையில் உள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரியும். பின்னது ஜெர்மனியின் உதவியோடு 1990களின் தொடக்கத்தில், தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர் பஞ்சத்தைத் தீர்க்கும் நோக்கோடு உருவாக்கப்பட்டது.

கல்வியியல் கல்லூரி நடக்கும் விதம் கவனிக்கத் தக்கது. அனுமதிக்கு உயர்தரப் பெறுபேறு வேண்டும். கட்டணம் இல்லை, கொடுப்பனவு உண்டு. இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, பின் ஒரு வருடம் பாடசாலையில் கட்டுறு பயில்வு. முடித்தவருக்கு நியமனம். கொழுந்தெடுக்கும் தாயின் மகள் மூன்று வருடத்தில் ஆசிரியையாகி, பெரும்பாலும் இன்னொரு தோட்டப் பாடசாலைக்கே போகிறாள். அவளிடம் படிக்கும் பிள்ளைக்கு, தன்னைப் போன்ற லயத்திலிருந்து வந்த ஒருத்தி கரும்பலகைக்கு முன்னால் நிற்பதைப் பார்ப்பதே ஒரு பாடம். அந்த ஆசிரியையின் சம்பளத்தில் தம்பி உயர்தரம் படிப்பான், அவள் பிள்ளை கம்பஸ் போகும். மலையகத்தில் நடுத்தர வர்க்கம் என்று இன்று ஒன்று இருந்தால், அதை உருவாக்கியதில் ஆசிரியத் தொழிலின் பங்கே பெரிது. எந்தக் கட்டணக் கல்லூரிக்கும் கடன் திட்டத்துக்கும் இந்தச் சாதனை இல்லை.

இதில் குறை இல்லாமலும் இல்லை. ஸ்ரீபாதவில் மலையகத் தமிழ் மாணவருக்கு எத்தனை இடம் என்ற தகராறு மீண்டும் மீண்டும் எழுந்து வந்திருக்கிறது. ஆசிரியத் தொழிலே ஒரேயொரு வாசலாகிப் போனதால், வைத்தியர், பொறியியலாளர், நில அளவையாளர், சட்டத்தரணி, விஞ்ஞானி என்ற மற்ற வாசல்களைத் திறக்கும் அவசரம் யாருக்கும் வரவில்லை. இன்னொன்றும் நடந்தது. சுமார் பத்து வருடங்களுக்கு முன்னர் தோட்டப் பாடசாலைகளுக்கு ஏறத்தாழ 3,000 ஆசிரியர் உதவியாளர்கள் சேர்க்கப்பட்டபோது, அவர்களுக்குத் தொடக்கத்தில் கொடுக்கப்பட்டது மாதம் 6,000 ரூபா. முழு ஆசிரியரின் வேலை, உதவியாளரின் கொடுப்பனவு. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாட்கூலி, போடும் தோட்டத்துக் கணக்கு வகுப்பறைக்குள்ளும் வந்துவிட்டது. பொதுக் கல்வி என்ற பெயர்ப்பலகை தொங்குவதாலேயே அரசு சந்தையின் புத்தியை விட்டுவிடும் என்று நம்ப முடியாது.

சந்தை வந்த வழிகள்

இலங்கையில் உயர்கல்வியைத் தனியாரிடம் திறந்துவிடும் முயற்சிகளுக்கு நாற்பது வருட வரலாறு உண்டு. 1981இன் கல்வி வெள்ளை அறிக்கை எதிர்ப்பில் பின்வாங்கியது. அதே வருடம் மாணவர்களைச் சேர்த்த வட கொழும்பு தனியார் மருத்துவக் கல்லூரி, போராட்டங்களுக்குப் பின் 1989இல் அரசின் கைக்கு வந்தது. மாலபேயின் சைட்டம் மருத்துவக் கல்லூரி நாட்டையே பல வருடம் கொந்தளிக்க வைத்து 2017இல் மூடும் முடிவுக்கு வந்தது. நேரடி வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டபோது சந்தை பக்கவழியால் வந்தது. உலக வங்கியின் கடனில் நடந்த அடுத்தடுத்த உயர்கல்வித் திட்டங்கள், பல்கலைக்கழகங்களுக்குள் "வேலைக்குத் தகுதி", "போட்டி மானியம்", "கைத்தொழில் இணைப்பு" போன்ற சொற்களைக் குடியேற்றின. 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்குக் கேட்டு மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த 6 வீதம் இன்றுவரை எட்டப்படவில்லை.

உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. மீதிப்பேருக்காக என்று 2017இல் தொடங்கியது வட்டியில்லா மாணவர் கடன். அரசு சாராத பட்டம் வழங்கும் நிறுவனங்களில் சேர்வோருக்குத் தொடக்கத்தில் 8 இலட்சம் ரூபா வரை அரச வங்கி கடன் கொடுக்கும், வட்டியை அரசு ஏற்கும். கேட்பதற்கு நல்ல ஏற்பாடுதான். இதை ஒரு தோட்டக் குடும்பத்தின் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. 8 இலட்சம் என்பது 593 நாட்கூலி. மாதம் 25 நாள் பேர் விழுந்தாலும், சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோயில் கணக்கு எதையும் கழிக்காமல், ஒரு சதம் செலவழிக்காமல் இரண்டு வருட உழைப்பு. இருபது வயதில் இந்தத் தொகையைத் தோளில் ஏற்றிக்கொண்டவர், தனக்குப் பிடித்த துறையையா தேர்வார், கடனை வேகமாக அடைக்கும் துறையையா? சமூகவியலோ தமிழோ படித்துத் தோட்டத்துக்குத் திரும்பி வர அந்தக் கடன் விடுமா? கட்டணம் ஒரு பிள்ளையை வாசலில் தடுக்கிறது, கடன் அதை உள்ளே விட்டுக் கடைசிவரை கையைப் பிடித்துக்கொள்கிறது.

அரச பல்கலைக்கழகத்தின் இலவசம் என்பதும் முழு இலவசமாக இல்லை. 2025 வரவுசெலவுத் திட்டம் பல்கலைக்கழக மாணவருக்கான மாதாந்த மஹாபொல கொடுப்பனவை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக்கியது. பேராதனையிலோ கொழும்பிலோ ஓர் அறை வாடகையும் சாப்பாடும் அதற்குள் அடங்காது. உயர்தரத்துக்கு முன்னரே டியூசன் என்ற இன்னொரு சந்தை நிற்கிறது. சனிக்கிழமை காலை ஹட்டன் பஸ்ஸில் நிற்கும் பிள்ளைகளின் பைகளே அதற்குச் சாட்சி. இரசாயனவியலும் பௌதிகவியலும் பாடசாலையில் இல்லாததால், அவற்றைப் பாடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

ஒதுக்கீடு இருக்கிறது, ஆய்வுகூடம் இல்லை

கலைப் பிரிவு நீங்கலாகப் பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. அந்தப் பதினாறில் நுவரெலியாவும் பதுளையும் உண்டு. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் மலையகத் தமிழர். தாளில் பார்த்தால் நியாயமான ஏற்பாடு.

நடைமுறையில் என்ன நடக்கிறது? மாவட்டத்துக்கு ஒதுக்கிய மருத்துவ, பொறியியல் இடங்களைப் பிடிக்க உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் வேண்டும். அவை உள்ள தமிழ்மொழிப் பாடசாலைகள் மிகக் குறைவு. உள்ளவற்றிலும் ஆசிரியர் இல்லை, ஆய்வுகூடம் இருந்தால் உபகரணம் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் கலைப் பிரிவுக்குப் போகிறார்கள், அங்கோ மாவட்டச் சலுகை இல்லை. அகில இலங்கைப் போட்டியில் கொழும்போடும் யாழ்ப்பாணத்தோடும் மோத வேண்டும். மாவட்டத்தின் குறைந்த வெட்டுப்புள்ளியைக் குறிவைத்து வெளிமாவட்ட மாணவர்கள் இங்கே வந்து பரீட்சை எழுதுகிறார்கள் என்ற முறைப்பாடும் நெடுங்காலமாக உண்டு. பின்தங்கியவருக்கு என்று திறந்த கதவையும், முன்கூட்டியே காசு செலவழித்துத் தயாரானவரே முதலில் எட்டிப் பிடிக்கிறார்.

உயர்கல்விச் சீர்திருத்தம் பல்கலைக்கழகத்தின் வாசலில் தொடங்குவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பின் ஆய்வுகூடமே மலையகத்தில் உயர்கல்வியின் முதல் படி.

தேயிலையைப் படிப்பது யார்?

கொட்டகலையிலிருந்து சிறிது தூரத்தில், தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம். தோட்ட முகாமையாளர்களைப் பயிற்றுவிக்கும் தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவனம் அத்துருகிரியவில் உள்ளது. பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தன்னைத் தொழில்முனைவுப் பல்கலைக்கழகமாக அறிமுகப்படுத்திக்கொண்டது. தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்ப்பும் என்றே அங்கு ஒரு பட்டப்படிப்பு உண்டு.

இவை பயனுள்ள நிறுவனங்கள். செடியின் நோய், மண், உரம், கொழுந்தின் தரம், ஏற்றுமதி ஆகியவை பற்றிய அறிவு இவற்றால் வளர்ந்தது. ஆனால் இந்த அறிவு எந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு கிலோ தேயிலையின் பெறுமதியை எப்படிக் கூட்டுவது என்பது ஒரு கேள்வி. அந்தப் பெறுமதியில் கொழுந்தெடுத்தவளுக்கு எவ்வளவு போகிறது என்பது இன்னொன்று. கூடை சுமந்து முதுகு வளைந்தவளின் உடம்பு நாற்பது வயதில் என்னவாகிறது? எந்தச் சரிவில் லயம் நிற்கக் கூடாது? 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. அந்த மலை வாழத் தகாதது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. அந்த எச்சரிக்கை, அறிக்கையிலிருந்து குடியிருப்பாளரின் கைக்கு வந்து, அவர்கள் இடம்மாறுவதற்கு நிலமும் வீடும் கிடைப்பதுவரை நீள வேண்டிய வழியில் ஆட்கள் இருக்கவில்லை. தோட்டக் குடும்பத்துக்கு வீடு கட்ட வழங்கப்படும் ஏழு பேர்ச் காணிக்கு உறுதி எழுதுவதற்கும், அந்த உறுதியை வாசித்து விளங்குவதற்கும், 2021இல் இரசாயன உரம் ஒரே நாளில் தடைசெய்யப்பட்டபோது தோட்டத்தின் விளைச்சல் வீழ்ச்சியைக் கணக்கிட்டுச் சம்பளப் பேச்சில் முன்வைப்பதற்கும் படித்தவர்கள் வேண்டும். இந்தக் கேள்விகளுக்கு வாங்குபவர் இல்லை. ஆகவே சந்தை இவற்றுக்குப் பாடநெறி தொடங்காது.

தொழிற்பயிற்சியின் கதையும் இதுதான். தையல், ஹோட்டல், வாகனம், கட்டடம் என்று தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ்கள் வழங்கப்படுகின்றன. வேலை தேடும் இளைஞருக்கு அவை வேண்டும், இழிவாகப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் பயிற்சி முடிந்ததும் பிள்ளை போய்ச் சேரும் இடம் கொழும்புக் கடைகளும் கட்டுநாயக்க வலயமும் வளைகுடா நாடுகளும் என்றால், தோட்டத்துக்கு ஆள் கொடுத்த பழைய ஏற்பாடு வேறு முதலாளிகளுக்கு ஆள் கொடுப்பதாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது

தமிழகத்தில் 1947இல் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் திண்டுக்கல் அருகே தொடங்கிய காந்திகிராமம், 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. கிராமத்தின் சுகாதாரம், கூட்டுறவு, விவசாயம் ஆகியவற்றைச் சூழவே பாடநெறிகள் அமைக்கப்பட்டன. மாணவர் கிராமத்துக்குப் போவது பாடத்தின் பகுதியாக இருந்தது.

அமெரிக்காவின் டென்னசியில் மைல்ஸ் ஹோர்டன் 1932இல் தொடங்கிய ஹைலண்டர் பள்ளியின் கதை மலையகத்துக்கு இன்னும் நெருக்கமானது. தொழிற்சங்கத்தினர் சில நாட்கள் தங்கித் தங்கள் பிரச்சினையைத் தாங்களே ஆராய்ந்து தீர்வு தேடும் இடமாக அது இருந்தது. பட்டமோ பரீட்சையோ கிடையாது. 1957இல் அங்கிருந்து கிளைத்த குடியுரிமைப் பள்ளிகள் கறுப்பின மக்களுக்கு எழுத்தறிவைக் கற்றுக்கொடுத்தபோது, பாடப்புத்தகமாக வைத்தது வாக்காளர் பதிவுப் படிவத்தை. முதல் ஆசிரியை பெர்னிஸ் ரொபின்சன் ஒரு சிகையலங்காரத் தொழிலாளி. வாக்குரிமையைப் பறிகொடுத்து அரை நூற்றாண்டு காத்திருந்த சமூகத்துக்கு இந்தப் பாடத்தின் அருமையை விளக்கத் தேவையில்லை.

தூரத்துக்குப் போகாமலே சொல்லவும் உதாரணங்கள் உண்டு. கண்டியில் அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் 1972இல் தொடங்கிய சத்தியோதயம், தோட்ட மக்களின் நிலையை ஆய்வு செய்வதையும் அந்த மக்களோடு வேலை செய்வதையும் ஒன்றாகவே நடத்தியது. கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சோ. சந்திரசேகரன் போன்றோர் மலையகக் கல்வி பற்றித் தமிழில் எழுதிக் குவித்தது எந்த ஆய்வுச் சந்தையின் புள்ளிக்காகவும் அல்ல. பல்கலைக்கழகங்களில் பரீட்சைக்கு முன்னர் ஒரு மாணவர் மற்றவர்களுக்குப் பாடம் சொல்லும் குப்பி வகுப்பில் இன்றும் காசு கைமாறுவதில்லை. விடுமுறையில் ஊருக்கு வரும் கம்பஸ் மாணவர்கள் தோட்டத்து உயர்தரப் பிள்ளைகளுக்கு வைக்கும் கருத்தரங்கும் அதே வழக்கத்தின் நீட்சி.

மறுபக்கத்தின் நியாயம்

சந்தையை எதிர்ப்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளும் இருக்கின்றன. வேலையில்லாப் பட்டதாரிகள் கொழும்பு வீதியில் நிற்கும்போது வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசாதே என்று சொல்ல முடியுமா? முடியாது. நாட்கூலிக் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குச் சம்பளம் ஓர் அவசியம். அவளிடம் அறிவுக்காக அறிவு என்று உபதேசிப்பவர் பெரும்பாலும் ஓய்வூதியம் உள்ளவர். ஆனால் வேலை என்றால் கம்பனி வேலை மட்டும் என்ற முடிவை ஏற்க வேண்டியதில்லை. நில அளவை, பொதுச் சுகாதாரம், மண்சரிவு முன்னெச்சரிக்கை, தமிழில் சட்ட உதவி, பிரதேச சபை நிர்வாகம் என்று ஆள் இல்லாமல் கிடக்கும் வேலைகள் மலையகமெங்கும் உள்ளன. அவற்றுக்குப் பதவிகளை உருவாக்குவது அரசின் கடமை.

அரச பல்கலைக்கழகம் மட்டும் புனிதமா என்றும் கேட்கலாம். பகிடிவதை, பழைய பாடக்குறிப்பு, தோட்டத்துப் பிள்ளையின் பேச்சைக் கேலி செய்யும் மேட்டிமை எல்லாம் அங்கே உண்டு. பொதுக் கல்வியைக் காப்பது என்பது இவற்றையும் சேர்த்துக் காப்பதாகாது. பணம் எங்கே என்பது மூன்றாவது கேள்வி. தனியார் கல்லூரிக் கடனுக்கு வட்டி கட்ட அரசிடம் பணம் இருக்கும்போது, பத்தனையில் ஓர் ஆய்வுகூடம் கட்டப் பணம் இல்லை என்பது முன்னுரிமையின் பிரச்சினை.

செய்யக் கூடியவை

முதலாவது, கொட்டகலையின் இரண்டு நிறுவனங்களிலிருந்து தொடங்குவது. கல்வியியல் கல்லூரிகளைப் பட்டம் வழங்கும் பல்கலைக்கழக அமைப்பாக உயர்த்தும் யோசனை அரச மட்டத்தில் பல வருடங்களாகப் பேசப்படுகிறது. அது நடக்கும்போது ஸ்ரீபாத வெறும் கிளையாகச் சுருங்காமல், தமிழ்மொழி விஞ்ஞான, கணித ஆசிரியக் கல்வியின் மையமாக வேண்டும்.

இரண்டாவது, நுவரெலியா மாவட்டத்தின் ஒவ்வொரு கல்வி வலயத்திலும் முழுமையான விஞ்ஞானப் பிரிவு கொண்ட தமிழ்ப் பாடசாலைகள், விடுதியோடு. டியூசன் சந்தையின் பிடியைத் தளர்த்த வேறு வழி இல்லை.

மூன்றாவது, ஹட்டனில் உள்ள திறந்த பல்கலைக்கழகக் கற்கை நிலையம் போன்றவற்றில், வேலை செய்யும் தோட்டத் தொழிலாளருக்கும் அவர்களது பிள்ளைகளுக்கும் கட்டண விலக்கு. நாற்பது வயதில் படிக்க வரும் கொழுந்தெடுக்கும் பெண்ணை மாணவியாகக் கற்பனை செய்யாத உயர்கல்விக் கொள்கை இந்த மாவட்டத்துக்கு உதவாது.

நான்காவது, நெடுநாள் கோரிக்கையான மலையகப் பல்கலைக்கழகம். நியாயமான கோரிக்கைதான், ஆனால் தேர்தலுக்குத் தேர்தல் அது ஒரு கட்டடமாகவும் ஒரு பெயராகவும் மட்டுமே பேசப்படுகிறது. அடுத்த முறை யாராவது வந்து அதற்கு அடிக்கல் நாட்டினால், கைதட்டுவதற்கு முன்னர் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எந்த மொழியில் கற்பிப்பீர்கள்? லயத்துப் பிள்ளைக்கு என்ன செலவாகும்? அங்கு நடக்கும் ஆய்வு யார் கேட்ட கேள்விக்குப் பதில் தேடும்? நிர்வாக சபையில் கம்பனிக்கு ஓர் ஆசனம் என்றால் தொழிலாளருக்கு எத்தனை? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் இல்லையென்றால், வரப்போவது இன்னொரு தோட்டப் பாடசாலைதான், அளவில் மட்டும் பெரியது.